நடைச்சீட்டு இல்லாத ஒரு கிலோ மணல்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். கேசரி வந்து, பஜ்ஜி வந்து, காப்பியும் வந்த பிறகு பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை என்ன பண்ணுதாக?"

"காலேஜ்ல ஜியாலஜி எடுக்கேன் மாமா."

"ஜுவாலஜியா? தவளை அறுக்கது?"

"இல்ல, ஜியாலஜி. கல்லு, மண்ணு, பாறை..."

மனுஷன் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "குவாரின்னு சொல்லுங்க! எத்தனை ஏக்கர்?"

"குவாரி இல்ல மாமா. கல்லைப் பத்திப் பாடம் எடுக்கேன்."

"எடுத்து?"

பதினைந்து வருஷம் ஆகிறது. அந்த 'எடுத்து?'க்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. பெண்ணுக்கு நாங்குநேரிப் பக்கம் கிரஷர் வைத்திருக்கும் இடத்தில் முடிந்தது. மலையைப் படித்தவனைவிட மலையை உடைக்கிறவன் மேல் என்று அவர் கணக்குப் போட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அரசாங்கமும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவராவது காப்பி கொடுத்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் வருஷத்துக்கு ஒரு பிள்ளை வந்து, "சார், நானும் உங்கள மாதிரி ஜியாலஜி வாத்தியார் ஆவணும்" என்று கண்ணில் ஒளியோடு நிற்கிறது. நான் என்ன பாவம் செய்தேனோ. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்.

முதல் சங்கடம், உன் பாடத்துக்கு ஒழுங்காக ஒரு பெயர் கிடையாது. பள்ளிக்கூடத்தில் 'புவியியல்' என்றால் ஜியாகிரஃபி. கனிமவள ஆபீசில் 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை' என்று பலகை தொங்கும். அங்கே புவியியல் என்றால் ஜியாலஜி. கல்லூரிக்குப் போனால் நிலவியல், புவியமைப்பியல் என்று ஆளுக்கொன்று. அரசு ஒன்று, சொல் ஒன்று, பொருள் இரண்டு. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்குப் பாடப்புத்தகம் உண்டு. கனிமவள ஆபீசில் அந்தச் சொல்லுக்கு ரசீதுப் புத்தகம் உண்டு. நீ சொல்லிக்கொடுக்க நினைக்கிறாயே, அந்த ஜியாலஜிக்கு நம் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் இரண்டுமே கிடையாது. பாடம் இல்லாததால் ஆசிரியர் பணியிடம் இல்லை. பணியிடம் இல்லாததால் படிக்க வருகிறவர்கள் குறைவு. படிக்க ஆள் குறைவு என்பதால் பாடம் தேவையில்லை. செக்குமாடுகூட ஒரு சுற்றுக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும்.

மேற்கே மலையைத் தாண்டினால், கேரளத்தில் பிளஸ் டூவிலேயே ஜியாலஜி ஒரு பாடம். அதற்கென்று ஆசிரியர்களும் உண்டு. புளியரைச் சோதனைச் சாவடியில் நின்று பார், நம் ஜல்லியும் குண்டுக்கல்லும் எம்.சாண்டும் லாரி லாரியாக அந்தப் பக்கம் போகும். கல்லை அவர்களுக்குக் கொடுத்தோம். கல்லைப் பற்றிய பாடத்தையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். கொடுக்கிறதென்று வந்துவிட்டால் நாம் வஞ்சகம் செய்கிற சாதியில்லை.

சரி, பள்ளிக்கூடம் போகட்டும், கல்லூரி வாத்தியார் ஆகிறேன் என்பாய். அரசுக் கலைக் கல்லூரியில் நிரந்தரம் இல்லாமல் பாடம் எடுக்கிறவருக்கு 'கௌரவ விரிவுரையாளர்' என்று பெயர். தமிழில் இதைவிடக் குரூரமான கிண்டலை எந்தக் கவிராயரும் எழுதியதில்லை. மாதம் 25,000 ரூபாய், வருஷத்துக்கு 11 மாதம். மே மாதம் பூமி சுற்றாது. கண்டங்கள் நகர்வதை நிறுத்திவிட்டுக் குற்றாலத்துக்குப் போய்விடும். கௌரவ விரிவுரையாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த மாதம் பசிக்காது. மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே எழுதிவைத்தது. அதற்கும் நமக்கும் நடுவே ஏதோ ஒரு நிலப்பிளவு இருக்கிறது போல, பணம் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை.

நிரந்தரப் பணி? 2024 மார்ச்சில் எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து 4,000 உதவிப் பேராசிரியர் இடங்கள் என்று ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்தது. ஆகஸ்டில் தேர்வு என்றார்கள், தள்ளிவைத்தார்கள். 2025 அக்டோபரில் மறுபடி அறிவிப்பு வந்தபோது 4,000 தேய்ந்து 2,708 ஆகியிருந்தது. காற்றும் மழையும் மலையைக் கரைப்பதை அரிமானம் என்று நாங்கள் பாடம் நடத்துவோம், அதற்குக் கோடி வருஷக் கணக்கு சொல்வோம். கோட்டையில் ஒன்றரை வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. இந்தச் சீமைப் பாறைகள் வெந்து உருமாறி ஏறக்குறைய 55 கோடி வருஷம் ஆகிறது. அந்தக் கணக்கிலேயே புழங்குகிற ஆட்களுக்கு நாற்பத்தைந்து வயது வரை காத்திருப்பது ஒரு கண்ணிமைப்பு என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ.

இந்தப் பாடத்துக்கு வேறெங்காவது மதிப்பில்லை என்றால்கூட மனசு ஆறும். தாமிரபரணிக் கரையில் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி மாதிரி ஒன்றிரண்டு இடத்தில் நிலவியல் துறை உயிரோடு இருக்கிறது, அந்த மட்டும் புண்ணியம். ஆனால் இந்த ஆறு முழுக்கவே ஒரு வகுப்பறை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொட மொத்தம் 128 கிலோமீட்டர். காலையில் பாபநாசத்தில் மலைப்பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கடற்கரையில் அதே பாறையின் பொடியைக் கையில் அள்ளிவிடலாம். நடுவில் தாழையூத்தில் சுண்ணாம்புக்கல்; அதை நம்பி 1949இலேயே சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கிவிட்டது. தெற்கே சாத்தான்குளம் பக்கம் தேரி, இரும்புத் துரு ஏறிச் சிவந்த மணல்மேடு. அந்தத் தேரியில் கிடைத்த குட்டிக் குட்டிக் கற்கருவிகளை வைத்து, கடல்மட்டம் ஏறி இறங்கிய கதையையும் சேர்த்து, ஸாய்னரும் ஆல்சினும் 1956இல் கட்டுரை எழுதினார்கள். நம் ஆட்கள் தேரிக்குப் போவது சினிமாச் சண்டை எடுக்க.

கொற்கையை எடுத்துக்கொள். பாண்டியன் துறைமுகம், முத்துக்குப் பேர்போன ஊர். இன்று கொற்கைக்காரன் கடலைப் பார்க்க பஸ் ஏற வேண்டும். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் பின்வாங்க, துறைமுகம் காயலுக்குப் பெயர்ந்துபோனது. 1881இல் வந்த தன் திருநெல்வேலிச் சரித்திரத்தில் கால்டுவெல் இதைச் சொல்லியிருக்கிறார். பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியலைப் பற்றி மட்டும் 1883இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு பாதிரியாருக்கும் ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தருக்கும் நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் படிக்கத் தோன்றிய மண் இது. அந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளை பதினேழு வயது வரை 'ஜியாலஜி' என்ற சொல்லைக் காதால் கேட்காமல் வளர்கிறது. கேட்டாலும் தவளை ஞாபகம்தான் வருகிறது.

(ஒரு இடைச்செருகல். நம் மேற்கு மலையின் நீலக் கருங்கல்லுக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர். தாமஸ் ஹாலந்து 1893இல் வைத்தது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் துரையின் கல்லறைக்குப் போட்டிருந்த கல் இந்த இனம் என்பதால் அந்தப் பெயர். எங்கள் தொழில் கல்லறையில் தொடங்கியதை அப்போதே சகுனமாக எடுத்திருக்க வேண்டும்.)

நான் முதலில் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே நாற்பது குழி, நாற்பது கல், ஒவ்வொன்றிலும் மங்கிப்போன சீட்டு. கார்னெட் இருந்த குழியில் 'ராஜஸ்தான்' என்று எழுதியிருந்தது. ஜன்னலைத் திறந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்று சொல்லமாட்டேன். ஒரு டவுன் பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. உவரிக்குப் போனால் கடற்கரையே கார்னெட்டால் சிவந்து கிடக்கும். கூடவே கறுப்பாக இல்மனைட். மோனசைட்டும் உண்டு; தோரியம் இருக்கிற அந்த மணலுக்கு அணுசக்திச் சட்டமே காவல். கார்னெட்டும் இல்மனைட்டும் பெரும்பாலும் கப்பல் ஏறிப்போன மணல். 2013இல் தாதுமணல் அள்ள அரசு தடை போட்டது. முறைகேடாக அள்ளியதற்காக வசூலிக்க வேண்டிய தொகை 5,832 கோடி ரூபாய் என்ற கணக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2025 பிப்ரவரியில் சிபிஐ விசாரிக்க உத்தரவானது.

எனக்கு இந்தத் தொகையைக் கேட்டதும் வாத்தியார் புத்தி, உடனே வகுத்துப் பார்த்தேன். ஒரு கௌரவ விரிவுரையாளருக்கு வருஷம் 2,75,000. அந்தப் பணத்தை ஒரே ஆளுக்கு, மே மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு, கொடுத்துக்கொண்டே போனால் 2,12,000 வருஷம் வரும். அவர் பணியில் சேர்ந்த தேதி நடு ப்ளைஸ்டோசீனில் விழும். அப்போதும் நிரந்தரம் ஆகியிருக்கமாட்டார்.

இப்போது சல்லடைக்கு வருகிறேன்.

எங்கள் பாடத்தில் மணல் என்பது அபிப்பிராயம் அல்ல, அளவு. 2 மில்லிமீட்டருக்குக் கீழே, 0.063 மில்லிமீட்டருக்கு மேலே இருந்தால் மணல். அதற்கும் பொடிசாக இருந்தால் வண்டல், களி. பித்தளை வளையம் போட்ட சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, மேலே ஒரு கை மண்ணைப் போட்டு ஆட்டினால் கால் மணி நேரத்தில் மண் தன் வாயாலேயே உண்மையைச் சொல்லிவிடும். மாவு சலிக்கத் தெரிந்த எந்த ஆச்சிக்கும் இது புரியும். ஆனால் பள்ளம் நிரப்பப் போடுகிற மண்ணான 'சவுடு' என்று உரிமம் வாங்கிக்கொண்டு மணலை அள்ளிப் போகிறார்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குக்கு மேல் வழக்காக வந்து விழுந்ததே, அத்தனை வழக்குக்கும் வேர் அந்த ஒரு சல்லடை போடப்படாததுதான். சீட்டில் சவுடு, லாரியில் மணல். படித்த அதிகாரிகள், நீளமான கோப்புகள், பசுமைத் தீர்ப்பாயம், டிரோன், இவ்வளவும் உண்டு. சல்லடையை ஆட்ட மட்டும் ஒரு கை இல்லை.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் பதினான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். சிற்றாறு வந்து சேரும் சீவலப்பேரிக்குக் கொஞ்சம் கீழே. மணல் இருக்கிற இடமாகப் பார்த்து நடக்கவே அரை மணி நேரம் ஆனது. அவ்வளவும் பள்ளமும் சீமைக்கருவேலமும். கணுக்கால் தண்ணீரில் நிற்கவைத்து, உள்ளங்கையில் ஈரமணலை எடுத்து மெல்ல ஆட்டச் சொன்னேன். வெள்ளை மணல் தண்ணீரோடு ஓடிப்போகும், கனமானது தங்கும். ஒரு பெண்பிள்ளை கையை வெயிலில் நீட்டி, "சார், குங்குமம்!" என்று கத்தியது. கைரேகை நெடுக ரோஜா நிறத்தில் கார்னெட் பொடி, ஓரத்தில் மைக்கோடு மாதிரி இல்மனைட். பொதிகையில் இருந்து உருண்டு கடலுக்குப் போகிற வழியில், நடுவே அந்தப் பிள்ளை கையில் ஒரு நிமிஷம் இளைப்பாறிக்கொண்டிருந்தது. என் பதினைந்து வருஷத்தில் சம்பளம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த ஒரு நிமிஷம்.

ஒரு கிலோ மணலை பாலிதீன் கவரில் போட்டு, இடம், தேதி எழுதிச் சீட்டு ஒட்டினோம். அப்போது கரையில் ஒரு பைக் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு செல்போன்.

"யாரு நீங்க? எதுக்கு மண்ணை அள்ளுதிய?"

"காலேஜ்ல இருந்து வந்திருக்கோம் அண்ணாச்சி. பாடத்துக்கு."

"பாடத்துக்குன்னா? பெர்மிஷன் இருக்கா? நடைச்சீட்டு இருக்கா? ஆத்து மணல்லா இது. கவர்மெண்ட் சொத்து."

அவர் பேசி முடிப்பதற்குள் அவருக்குப் பின்னால், தார்ப்பாய் போட்ட டிப்பர் ஒன்று, பின்பக்கம் தண்ணீர் சொட்டச் சொட்ட, மேடேறிப் போனது. பதினான்கு பிள்ளைகளும் லாரியைப் பார்த்தார்கள். அப்புறம் என் கையில் இருந்த கவரைப் பார்த்தார்கள். நான் கவரை அவிழ்த்து மணலை ஆற்றிலேயே கொட்டினேன். மறுநாள் கல்லூரியில் கூப்பிட்டு, இனிமேல் வெளியே கூட்டிப் போக வேண்டாம், பாடத்தை போர்டில் நடத்தினால் போதும் என்றார்கள். அதற்குப் பிறகு நான் தாமிரபரணியை சாக்பீஸில் வரைந்துகொண்டிருக்கிறேன்.

பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டுப் போ. இதே ஆற்றுக்கு மணல் அள்ளத் தடை வாங்க இரா. நல்லகண்ணு மாதிரி ஒருவர் முதிய வயதில் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2010இல் மதுரைக் கிளை ஐந்து வருஷத் தடை போட்டது. முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை 2023 ஏப்ரல் 25 அன்று பட்டப்பகலில், அவருடைய ஆபீசுக்குள்ளேயே வைத்து வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை கொடுத்தாயிற்று. ஆனால் யோசித்துப் பார், ஒரு ஊரில் மணலை மணல் என்று சொல்லும் வேலை ஒற்றை ஆள் தலையில் வந்து விழுந்தால் அவனை வெட்டுவது சுலபம். ஊரே சல்லடை பிடிக்கத் தெரிந்ததாக இருந்தால் எத்தனை பேரை வெட்டுவார்கள்?

கல் கதையும் அதேதான். பாறையை மேலிருந்து படிப்படியாக வெட்டி இறங்க வேண்டும் என்பது சுரங்க விதி. பாறைக்குள் ஓடும் வெடிப்புகள் குழியைப் பார்த்துச் சரிந்திருந்தால், அடியில் வெட்ட வெட்ட மேலே இருப்பது வழுக்கும் என்பது எங்கள் இரண்டாம் வருஷப் பாடம். குவாரிக்கு உரிமம் கேட்கும்போது கொடுக்கிற சுரங்கத் திட்டத்தை வாங்கிப் பார். வரைபடத்தில் படிகள் தெப்பக்குளப் படிக்கட்டு மாதிரி அத்தனை அழகாக இறங்கும். அதை வரைவதும் ஜியாலஜி படித்தவன்தான். வாத்தியார் வேலை கிடைக்காதவன். குழிக்குள் எட்டிப் பார்த்தால் படியாவது ஒன்றாவது, கிணறு மாதிரி செங்குத்து. 2022 மே 14 ராத்திரி அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கிக்கொண்டார்கள். அரக்கோணத்தில் இருந்து பேரிடர் மீட்புப் படை வர வேண்டியிருந்தது. நான்கு பேர் செத்துப்போனார்கள். அதற்கப்புறம்தான் மாவட்டத்துக் குவாரிகளை அளக்கக் குழுக்கள் கிளம்பின. கோடிக்கணக்கில் அபராதம் எழுதப்பட்டது. அளவு நாடா அதுவரை எங்கே இருந்தது? மே மாதம் என்பதால் அதுவும் கௌரவ விடுப்பில் இருந்ததா?

இதையெல்லாம் சொன்னால் எதிரே நிற்கிற பிள்ளை ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடுவதில்லை. "பரவாயில்ல சார்" என்கிறது. அந்தப் 'பரவாயில்ல'வைக் கேட்கத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அதே சொல்லைச் சொன்ன ஒருவனைப் போன மாதம் பார்த்தேன்.

அன்று ஆற்றில் நின்ற பதினான்கு பேரில் சல்லடையை நன்றாக ஆட்டியவன் அவன். எம்.எஸ்சி. முடித்து, நெட் எழுதிக்கொண்டே, இரண்டு வருஷம் கௌரவத்தோடு இருந்தான். இப்போது நான்குவழிச் சாலைப் பக்கம் ஒரு யார்டில், எடைமேடைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் சீட்டு எழுதுகிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டு, டீ வாங்கி வரச் சொன்னான். ஒரு லாரி மேடையில் ஏறி நின்றது. பேச்சை நிறுத்தாமல் கொட்டகை வாசலில் இருந்தே கையை நீட்டி லோடில் ஒரு சிட்டிகை எடுத்தான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தான். நான் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி.

"நீங்க நடத்துனது வீண் போகல சார். இப்பல்லாம் சல்லடையே வேண்டாம். தொட்டாப் போதும், மணலா சவுடான்னு சொல்லிருவேன்."

"எடுத்து?" என்று என் வாயில் வந்தது. எங்கிருந்து வந்ததோ.

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்து, கார்பன் பேப்பரைச் சரிசெய்து, அழகான கையெழுத்தில் 'சவுடு' என்று எழுதினான்.

"மாத்தி எழுதணும்னா முதல்ல எது என்னன்னு தெரியணும்லா சார்."